பக்கத்தைக் குலைப்பது பிரவுசர் அல்ல

இணையதளம் கட்டும் தொழிலில் யாரும் கேள்வி கேட்காமல் கைமாற்றிக் கொடுத்துவரும் ஒரு தீர்ப்பு உண்டு. அச்சடிக்கும்போது தாள் எங்கே முடிகிறது, அடுத்த தாள் எந்த வரியில் தொடங்குகிறது என்பதெல்லாம் பிரவுசரின் இஷ்டம். சிஎஸ்எஸ்ஸில் அதற்கென்று நான்கைந்து பண்புகள் இருக்கத்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றை எந்த பிரவுசரும் மதிப்பதில்லை. வாடிக்கையாளர் விடாப்பிடியாகக் கேட்டால் ‘டவுன்லோட் பிடிஎஃப்’ என்று ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். “பிரிண்ட் எல்லாம் நம்ம கையில இல்ல சார்” என்று டெவலப்பர் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருக்கும் ப்ராஜெக்ட் மேனேஜர் தலையாட்டிவிடுகிறார். மூத்தவர் சொன்னதை இளையவர் நம்புகிறார். சில வருடங்களில் அவரும் மூத்தவராகி அதையே சொல்கிறார்.

இந்தத் தீர்ப்பில் பாதி, ஒரு காலத்தில் உண்மையாக இருந்து காலாவதியானது. மீதிப் பாதி எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. தாளில் சிதைந்து விழும் இணையப் பக்கங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொறுப்பு அவற்றைக் கட்டியவர்களுடையது. திரையை மட்டும் மனதில் வைத்துக் கட்டியதைத் தாளில் ஏற்றும்போது அது உடைகிறது. உடைந்த இடத்தில் ஒரு ‘பேஜ்-பிரேக்’ வரியைச் செருகிப் பார்க்கிறோம். பலிக்கவில்லை. பழி பிரவுசர் தலையில் விழுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

காலாவதியான பாதியை முதலில் முடித்துவிடலாம். 1996 டிசம்பரில் வந்த முதல் சிஎஸ்எஸ் தரநிலையில் பக்க முறிவுக்கென்று எந்தப் பண்பும் இல்லை. 1998 மே மாதம் வந்த இரண்டாம் பதிப்பில் அச்சுக்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. ஒரு தொகுதிக்கு முன்போ பின்போ தாளை முறிக்கலாம்; தொகுதியின் உள்ளே முறியாமல் காக்கலாம்; பத்தியின் ஒற்றை வரி தாளின் அடியிலோ தலையிலோ அநாதையாக நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம்; தாளின் ஓர இடத்தையும் சொல்லலாம். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 அதற்கும் முன்னால், 1997இலேயே, முன்னும் பின்னும் முறிக்கும் பண்புகளுக்கு இணங்கியது. கால் நூற்றாண்டுக்கு மேல் வயதான வசதி இது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஊரே சிரித்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், 2009இல் தன் எட்டாம் பதிப்பில், உள்ளே முறிக்காதே என்ற பண்பையும் ஒற்றை வரிகளைத் தடுக்கும் ‘ஆர்ஃபன்ஸ்’, ‘விடோஸ்’ என்ற இரண்டையும் ஒழுங்காக நிறைவேற்றியது. தரநிலைகளின் காவலன் என்று நாம் கொண்டாடிய ஃபயர்ஃபாக்ஸ், ‘உள்ளே முறிக்காதே’ என்பதற்குக் காது கொடுத்தது 2013இல். ஒற்றை வரிப் பண்புகளை அது இன்னும் கண்டுகொள்ளவில்லை. குரோமின் பழைய இயந்திரமோ ஆவணம் முழுவதையும் ஒரே நீளப் பட்டையாக அமைத்துக்கொண்டு, பிறகு தாள் உயரத்துக்கு அதை நறுக்கியது. ஃப்ளெக்ஸ், கிரிட் முறைகளில் அடுக்கிய தொகுதிகள் அந்த வெட்டில் தாறுமாறாகச் சிக்கின. அந்தக் காலத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் “வேலைக்காகாது” என்று சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் 2022 இறுதியில் வந்த 108ஆம் பதிப்பு முதல் குரோம் அச்சுக்குப் புதிய அமைப்பு இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. அது பட்டையை நறுக்குவதில்லை. ஒவ்வொரு தாளாக நிரப்பிக்கொண்டு போகிறது. ஃப்ளெக்ஸையும் கிரிட்டையும் தாளுக்குத் தாள் பிரிக்க அதற்குத் தெரியும். ‘இதற்கு முன்னால் முறிக்காதே’, ‘இதற்குப் பின்னால் முறிக்காதே’ என்ற வேண்டுகோள்களையும் அதிலிருந்துதான் அது மதிக்கத் தொடங்கியது. எட்ஜும் அதே இயந்திரத்தில்தான் ஓடுகிறது. 2024 நவம்பரில் வந்த 131ஆம் பதிப்பு, தாளின் ஓரங்களில் நம் விருப்பப்படி பக்க எண்ணும் தலைப்பும் போடவும் வழி செய்துவிட்டது. மென்பொருள் தன்னைத் திருத்திக்கொண்டது. அதைப் பற்றிய வசை மட்டும் பழைய பதிப்பிலேயே நிற்கிறது.

இனி மற்றப் பாதி. ‘வேலை செய்யவில்லை’ என்ற புகாரோடு வரும் பக்கங்களைத் திறந்து உள்ளே பார்த்தால், திரும்பத் திரும்ப ஒரே சில காரணங்கள்தாம் கண்ணில் படும். முதலிடம் டேஷ்போர்டுகளுக்கு. பக்கத்தின் உயரத்தைத் திரையின் உயரத்துக்குப் பூட்டி, மிஞ்சியதை மறைக்கச் சொல்லி, நடுவில் ஒரு பெட்டியை மட்டும் ஸ்க்ரோல் ஆக விட்டிருப்பார்கள். திரையில் நூறு வரிசை ஓடும். அச்சில் ஒரே தாள் வரும், அதுவும் பாதியில் அறுந்து. பிரவுசர் இங்கே கீழ்ப்படியாமல் போகவில்லை. திரை அளவோடு நிறுத்து, மிச்சத்தை மறை என்று சொன்னீர்கள், அப்படியே செய்தது. தாளுக்கு ஸ்க்ரோல் பட்டை கிடையாது. அச்சுக்கான விதித் தொகுப்பில் உயரத்தை ‘ஆட்டோ’ என்றும் ‘ஓவர்ஃப்ளோ’வை ‘விசிபிள்’ என்றும் மாற்றினால் மறைந்தது முழுவதும் தாளுக்கு வந்துவிடும். இந்த இரண்டு வரி எழுதாமல் விட்டதற்குத்தான் பல நிறுவனங்களில் தனியாக ஒரு ‘ரிப்போர்ட் மாட்யூல்’ கட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது அகலம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். சிஎஸ்எஸ் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்பதால் அது ஏறத்தாழ 794 பிக்சல். இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் ஓரம் விட்டால் மிஞ்சுவது சுமார் 718. மொபைல் தோற்றத்துக்கு மாறும் எல்லையைப் பலரும் 768இல் வைக்கிறார்கள். ஆகவே மேசைக் கணினியில் அச்சுக் கொடுத்தாலும் தாளில் விழுவது மொபைல் தோற்றம்: மூன்று நெடுவரிசையாக இருந்தது ஒரே நெடுவரிசையாகிறது, அட்டவணை அட்டைகளாக உடைகிறது, இரண்டு தாளில் முடிய வேண்டியது ஐந்து தாளுக்கு ஓடுகிறது. “பிரிண்ட் குடுத்தா டிசைனே மாறிடுது” என்ற புலம்பலின் மூலம் இதுதான். அந்த எல்லை விதியில் ‘ஸ்க்ரீன்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அது தாளைத் தீண்டியிருக்காது.

முறிவையே தவறான இடத்தில் வைப்பது இன்னொன்று. கட்டாய முறிவு, ஆவணத்தின் இயல்பான ஓட்டத்தில் நிற்கும் தொகுதிகளுக்கு உரியது. ‘ஆப்சல்யூட்’ என்று பிடுங்கித் தனியே நிறுத்திய பெட்டிக்கோ, ‘இன்லைன்-பிளாக்’ பெட்டியின் உள்ளே கிடக்கும் டிவ்வுக்கோ, வரிக்குள் வரும் ஸ்பானுக்கோ அதைக் கொடுத்தால் பிரவுசர் பேசாமல் தாண்டிப் போகும். தரநிலையே அப்படித்தான் சொல்கிறது. அதைப் படித்துப் பார்க்காமல் ‘இம்பார்ட்டன்ட்’ என்று பக்கத்தில் எழுதிக் குரலை உயர்த்துவதால் ஒன்றும் ஆகாது.

இவை எல்லாம் கைப்பிழை. சுட்டிக் காட்டினால் திருத்திவிடலாம். இவற்றைவிட ஆழமான தவறு எதிர்பார்ப்பில் இருக்கிறது. டெவலப்பர்கள் கேட்பது, முதல் தாளில் இது, இரண்டாம் தாளில் அது என்று வரையறுத்து ஆணையிடும் அதிகாரம். பேஜ்மேக்கரிலும் வேர்டிலும் வேலை பார்த்த பழக்கம் அது. இணையப் பக்கத்திலோ தாளின் அளவை அச்சடிக்கிறவர் தேர்ந்தெடுக்கிறார்: ஏ4, லெட்டர், லீகல். எண்பது சதவீதமாகச் சுருக்குவதும் அவர் விருப்பம். எழுத்துரு கணினிக்குக் கணினி மாறலாம். இத்தனையும் மாறக்கூடிய இடத்தில் ‘இத்தனையாவது வரியோடு தாள் முடியட்டும்’ என்று சொல்வதில் பொருளில்லை. சிஎஸ்எஸ் நம்மிடம் கேட்பது வேறு. எது எதை விட்டுப் பிரியக் கூடாது, எது எப்போதும் புதுத் தாளில் தொடங்க வேண்டும், பிரிந்தே ஆக வேண்டுமென்றால் எங்கே பிரியலாம். இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஆவணத்தின் பொருள் தெரிந்தவர் மட்டுமே. பிரவுசருக்குத் துணைத்தலைப்பும் பத்தியும் இரண்டு பெட்டிகள், அவ்வளவுதான். அவை ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாம் சொல்லாத வரை அதற்குத் தெரிய வழியில்லை.

இதைப் புரிந்துகொள்ளாததால் விளைந்த ஒரு கைவேலையை நம் ஊர் மென்பொருள்களில் இன்றும் பார்க்கலாம். சம்பளப் பட்டியலோ மதிப்பெண் பட்டியலோ ஸ்டாக் ரிப்போர்ட்டோ, சர்வரிலேயே வரிசைகளை எண்ணுவார்கள். 25 முடிந்ததும் அட்டவணையை மூடி, ஒரு வெற்று டிவ்வில் கட்டாய முறிவு வைத்து, தலைப்பு வரிசையை மறுபடி எழுதி, புதிய அட்டவணை தொடங்குவார்கள். சோதனைத் தரவில் எல்லாரும் ‘ரவி’, ‘குமார்’ என்று இருப்பதால் அழகாக வரும். உண்மைத் தரவில் ஒரு மீனாட்சிசுந்தரம் வந்து, அவர் முகவரி மூன்று வரியாக மடங்கியதும் 25ஆவது வரிசை அடுத்த தாளுக்குத் தள்ளப்படும். அங்கே அது ஒன்று மட்டும் தலையில் நிற்க, உடனே கட்டாய முறிவு வந்துவிடும். மீதித் தாள் வெள்ளை. புகார் வந்ததும் 25 என்பது 22 ஆகும், பிறகு 20 ஆகும். கடைசியில் எல்லாத் தாளிலும் கால்வாசி காலியாக விட்டு, “இப்ப சேஃப்” என்பார்கள்.

அட்டவணையை அட்டவணையாகவே விட்டிருந்தால் இத்தனை பாடும் இல்லை. தலைப்பு வரிசையை ‘டிஹெட்’டுக்குள் வைத்தால் அது ஒவ்வொரு தாளிலும் தானாகத் திரும்ப வரும். ஒரு நிபந்தனை உண்டு: தலைப்பு, தாளின் உயரத்தில் கால் பங்கைத் தாண்டினால் அதைத் திரும்பப் போட வேண்டிய கட்டாயம் பிரவுசருக்கு இல்லை. நிறுவனத்தின் லோகோ, முகவரி, ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் தலைப்புக்குள் திணித்துவிட்டு “ரிப்பீட் ஆகல” என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரிசைகளுக்கு ‘பிரேக்-இன்சைட்: அவாய்ட்’ என்று கொடுத்தால் ஒரு முகவரி இரண்டு தாளில் பாதி பாதியாகக் கிழியாது. மீனாட்சிசுந்தரத்தின் முகவரி ஐந்து வரியானாலும் கவலையில்லை.

மொத்தத் தொகையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அட்டவணையின் அடி என்பதால் மொத்தத்தை ‘டிஃபுட்’டில் வைப்பது இயல்பு. ஆனால் தலையைப் போலவே அடியும் ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரும். எட்டுத் தாள் கொண்ட பில்லில் எட்டு இடத்தில் இறுதித் தொகை அச்சாகும். வாங்கியவர் எந்தத் தாளை நம்புவது? அச்சுக்கான விதியில் ‘டிஃபுட்’டை ‘டேபிள்-ரோ-குரூப்’ ஆக மாற்றினால் அது ஒரே ஒரு முறை, கடைசியில் மட்டும் வரும். தெரிந்தவர்களுக்கு இது ஒரு வரி. தெரியாதவர்கள் இதற்காகவே அட்டவணையைக் கைவிட்டு டிவ்களில் கட்டம் கட்டி, தலைப்பு திரும்ப வரும் வசதியையும் சேர்த்து இழக்கிறார்கள்.

அட்டவணையைவிட எனக்கு எரிச்சல் தருவது கையொப்பப் பகுதி. ஒப்பந்தத்தின் வாசகமெல்லாம் மூன்றாம் தாளோடு முடிந்துவிட, நான்காம் தாளில் இரண்டு கோடும் ‘இப்படிக்கு’வும் மட்டும் தனியாக வரும். மேலே எதுவும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடுவதன் ஆபத்தை எந்த வக்கீல் குமாஸ்தாவும் சொல்வார். அந்தத் தாளை வேறு எந்த ஒப்பந்தத்தோடும் கோத்துவிடலாம். இறுதிப் பத்தியையும் கையொப்பப் பகுதியையும் ஒரே டிவ்வில் போட்டு உள்ளே முறியாதே என்று சொல்லிவிட்டால் இரண்டும் சேர்ந்தே நகரும். பழைய பிரவுசர்களில்கூடப் பலிக்கும் வழி இது. துணைத்தலைப்பை அடுத்த பத்தியோடு கட்டிவைக்கவும் இதே வழிதான்.

‘அவாய்ட்’ எழுதியும் முறிகிறதே என்பார்கள். அது வேண்டுகோள், ஆணை இல்லை. இங்கே தரநிலை மிகவும் யோசித்து எழுதப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு தொகுதிகளுக்கு இடையில், ஒரு பத்தியின் இரண்டு வரிகளுக்கு இடையில், உள்ளடக்கம் முடிந்தபின் பெட்டியின் விளிம்பு வரை இடைவெளி மிஞ்சியிருந்தால் அந்த இடைவெளியில் என மூன்று வகை இடங்களில்தான் முறிவு இயல்பாக விழலாம். அந்த இடங்களில் நம் வேண்டுகோள்கள் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் ஒன்றை பிரவுசர் தேடுகிறது. தாள் முடிவதற்குள் அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் வேண்டுகோள்களைப் படிப்படியாகத் தளர்த்துகிறது. எதுவுமே தேறாவிட்டால், வாசகம் தாளுக்கு வெளியே போய்த் தொலைவதைத் தடுக்க, அகப்பட்ட இடத்தில் முறிக்கிறது. ஒரு தாளைவிட உயரமான அட்டவணைக்கு ‘உள்ளே முறிக்காதே’ என்று எழுதினால் வேறு என்னதான் செய்ய முடியும்? பயத்தில் எல்லாத் தொகுதிக்கும் ‘அவாய்ட்’ போடுகிறவர்கள், எது முக்கியம் என்று பிரவுசருக்குத் தெரிவிக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடுகிறார்கள்.

வெற்றுத் தாள் வருவதற்கும் இதே போன்ற ஒரு காரணம். ஏ4இன் உயரம் 297 மில்லிமீட்டர் என்று அறிந்தவர் ஒவ்வொரு பிரிவுக்கும் 297 மில்லிமீட்டர் உயரத்தைக் கொடுத்துவிடுகிறார். ஓர இடம் போகத் தாளில் மிஞ்சுவது அதைவிடக் குறைவு. மிகுதி அடுத்த தாளில் வழிகிறது, அங்கே ஒன்றுமில்லை, உடனே அடுத்த முறிவு. ஒரு தாள் விட்டு ஒரு தாள் வெள்ளை. உயரத்தை எடுத்துவிட்டு, பிரிவுக்கு முன்னால் முறி என்று மட்டும் சொன்னால் போதும்.

இனி பிடிஎஃப். “பிரவுசர் பிரிண்டை நம்ப முடியாது, அதனால் பிடிஎஃப்” என்ற வாதத்தை எவ்வளவு பேர் எவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அந்த பிடிஎஃபைச் செய்வது யார்? 2017 முதல் குரோமைத் திரையில்லாமல் சர்வரில் ஓட்ட முடிகிறது. அதே ஆண்டில் வந்த பப்பட்டியர் என்ற கருவியைக் கொண்டு அந்தக் குரோமிடமே பிடிஎஃப் கேட்டு வாங்குகிறார்கள். கன்ட்ரோல்-பி அழுத்தினால் ஓடும் அதே இயந்திரம், அதே முறிவு விதிகள். முன்வாசலில் வாங்க மாட்டேன் என்றவர் பின்வாசலில் போய் அதே சரக்கை, சர்வர் வாடகையும் சேர்த்துக் கொடுத்து வாங்கி வருகிறார். முறிவு விதிகளை எழுதாத பக்கம் அங்கேயும் குலைந்துதான் வரும்.

இன்னும் பழைய சர்வர்களில் டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் ஓடிக்கொண்டிருக்கிறது. கியூட்டி நூலகத்தோடு வந்த பழைய வெப்கிட் இயந்திரம் அதன் அடித்தளம். கிரிட் என்றால் அதற்குத் தெரியாது, இன்றைய ஃப்ளெக்ஸும் புரியாது. 2023இல் அதன் மூலநிரல் களஞ்சியத்தையே காப்பகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இன்றைய குரோமை நம்ப மாட்டேன், அதை நம்புவேன் என்றால் அது தொழில்நுட்ப முடிவா, வழக்கத்தின் சோம்பலா?

மிக மோசமான வழி இன்னொன்று, மிகப் பரவலானதும் அதுவே. எச்டிஎம்எல்-டு-கேன்வாஸ் என்ற நூலகத்தால் திரையை ஒரு படமாக எடுத்து, ஜேஎஸ்-பிடிஎஃப்பால் அந்தப் படத்தை ஏ4 உயரத்துக்கு வெட்டி ஒட்டுவது. படத்துக்கு வரி எது, இடைவெளி எது என்று தெரியாது. கத்தி எங்கே விழுகிறதோ அங்கே வெட்டு. ஒரு வரியின் மேல்பாதி இந்தத் தாளில், கீழ்பாதி அடுத்த தாளில். அந்தக் கோப்பில் எழுத்து என்று ஒன்றுமே இல்லாததால் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத் திறந்தால் வாய் மூடி நிற்கும். பக்க முறிவு பிரவுசர் கையில் இருக்கிறது என்று பயந்து ஓடியவர்கள் வந்து சேர்ந்த இடம், பக்க முறிவு யார் கையிலும் இல்லாத இடம்.

தமிழ் வாசகருக்கு இதில் தனி நஷ்டம் ஒன்று இருக்கிறது. படமாக எடுக்காமல் எழுத்தாகவே போடலாம் என்று ஜேஎஸ்-பிடிஎஃப்பிடம் நேராகத் தமிழ் வாசகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? யூனிகோடில் ‘கெ’ என்பது ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை உருவமைக்கும் இயந்திரத்தின் வேலை. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அதை ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் செய்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் குறிகளை வரிசைப்படி அடுக்கும் கருவியில் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கு’வும் ‘டு’வும் சேர்ந்து உருமாறாமல் எழுத்து தனி, குறி தனி என்று விழும். அப்படி அச்சான தமிழ் ரசீதுகளையும் சான்றிதழ்களையும் பார்க்காதவர் இருக்க மாட்டார். பிரவுசரிலேயே அச்சுக் கொடுத்திருந்தால் இந்தப் பிழை வந்தே இருக்காது.

பிடிஎஃப் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிஜிட்டல் கையொப்பமிட்ட ஆவணம், பின்னால் யாரும் மாற்றக் கூடாத பில், மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப வேண்டியது ஆகியவற்றுக்கு அதுதான் சரி. பக்க முறிவைப் பற்றி யோசிப்பதிலிருந்து தப்பிக்கும் வழியாக அதைப் பிடித்துக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

“இந்தக் காலத்தில் யார் சார் பிரிண்ட் எடுக்கிறாங்க?” என்பதையும் ஒரு வாதமாகச் சிலர் வைக்கிறார்கள். குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்கப்படும் கேள்வி. ஹால் டிக்கெட், வில்லங்கச் சான்று, பட்டா நகல், கல்லூரி விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை முடிவு என எதற்குமே கடைசியில் கையில் தாள் வேண்டும். வீட்டில் பிரிண்டர் இல்லாதவர் ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எடுக்கிறார். கடைசித் தாளில் இணையதளத்தின் காப்புரிமை வரி மட்டும் வந்தாலும் அதற்கும் காசு. காகிதத்தை மிச்சப்படுத்த உச்ச நீதிமன்றமே 2020இல் ஏ4 தாளின் இரு பக்கமும் அச்சடிக்கும் முறைக்கு மாறியது. அச்சடிப்பதையே நிறுத்தச் சொல்லவில்லை.

பிரவுசர்களால் முடியாதவையும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஃபயர்ஃபாக்ஸில் ஒற்றை வரிகளைத் தடுக்க முடியாது என்று முன்பே சொன்னேன். ‘பக்கம் 47 காண்க’ என்று தானாக எண் போடும் குறுக்குக் குறிப்பு, தாளின் அடியில் வந்து நிற்கும் அடிக்குறிப்பு ஆகியவை தரநிலையின் வரைவுகளில் இருக்கின்றன. குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ இல்லை. தாளின் மேல் பிரவுசர் தானாகப் போடும் தேதியையும் முகவரியையும் பெரும்பாலும் அச்சடிப்பவர்தான் நீக்க வேண்டும். முழுப் புத்தகம் போடப் போகிறவருக்கு இவை பெரிய குறைகள். ஆனால் அவரும் சிஎஸ்எஸ்ஸை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. சிஎஸ்எஸ்ஸைத் தோற்றுவித்த ஹோகோன் வியம் லீயும் பெர்ட் போஸும் அதைப் பற்றி எழுதிய புத்தகத்தின் மூன்றாம் பதிப்பை, 2005இல், சிஎஸ்எஸ்ஸைக் கொண்டே பிரின்ஸ் என்ற மென்பொருளில் பக்கம் பிரித்து அச்சுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் ஓ’ரைலி பதிப்பகம் தன் கணினி நூல்களை எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸுமாக வைத்துக்கொண்டு அச்சடிக்கிறது. விலை கொடுக்க முடியாதவருக்கு வீஸிபிரிண்ட்டும் பேஜ்டு.ஜேஎஸ்ஸும் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் எழுத வேண்டியது அதே ‘பிரேக்-இன்சைட்’, தாளின் ஓரத்தைச் சொல்லும் அதே ‘@பேஜ்’. இ-புத்தகமான ஈபப்பின் உள்ளே இருப்பதும் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும்தான். அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்க அங்கேயும் இதே பண்புகளைத்தான் எழுதுகிறார்கள்.

ஆகவே, இணைய வடிவமைப்பு கற்றுக்கொடுப்பவர்களுக்கு: மொபைலுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு வகுப்பைத் தாளுக்குக் கொடுங்கள். டெண்டரும் ஒப்பந்தமும் எழுதுபவர்களுக்கு: ‘குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஏ4 தாளில் அச்சுச் சோதனை’ என்ற ஒரு வரியை ஏற்புச் சோதனைப் பட்டியலில் சேருங்கள், ‘டவுன்லோட் பிடிஎஃப்’ பொத்தானை அதற்கு ஈடாக ஏற்காதீர்கள். டெவலப்பர்களுக்கு: டெவலப்பர் கருவியில் ‘பிரிண்ட்’ ஊடகத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிட்டு முடிந்தது என்று விடாதீர்கள், அது அச்சுக்கான தோற்றத்தை மட்டும் காட்டும், முறிவைக் காட்டாது. உங்கள் தளத்திலேயே மிக நீளமான பக்கத்தை, மிக நீளமான பெயர்கள் உள்ள உண்மைத் தரவோடு திறந்து, கன்ட்ரோல்-பி அழுத்தி, பிரிவியூவில் கடைசித் தாள் வரை உருட்டிப் பாருங்கள். அங்கே என்ன கிடக்கிறது என்று பார்த்த பிறகு பிரவுசரைத் திட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.